ஆகாயத்தில் வைஃபை, மடியில் பிள்ளை

பிள்ளை பார்க்கப்போவதை எல்லாம் வீட்டிலேயே டவுன்லோட் பண்ணி வைத்துவிடுங்கள். விமானத்து வைஃபையைப் பெரியவர்களின் வட்ஸ்அப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய் யூடியூப் போட்டுக் கொடுக்கலாம் என்று வெறும் டேப்போடு ஏறுகிறவர்கள்தான் நடுவானில் அழுகிற பிள்ளையோடு முழிக்கிறார்கள்.

காரணம் தூரம். இன்னும் பல விமானங்களில் இணையம் வருவது 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதி வழியாக. நீங்கள் ஒன்றைத் தட்டினால் பதில் வரவே அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். அந்த இணைப்பையும் முழு விமானமும் பங்குபோடுகிறது. ஸ்டார்லிங்க் செய்மதிகள் சுமார் 550 கிலோமீற்றரில் சுற்றுவதால் அதில் வீடியோ நன்றாகவே ஓடும். கட்டார் எயார்வேஸ் 2024 ஒக்டோபரில் போயிங் 777களில் அதைக் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் உங்கள் நாளில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எந்த விமானம் வரும் என்பது கடைசி நேரத்திலும் மாறலாம். நம்பி இருக்க வேண்டாம்.

நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படி மிகக் குறைந்த தரத்திலேயே மணித்தியாலத்துக்கு 0.3 ஜி.பி. வரை போகும். எம்.பி. கணக்கில் விற்கும் விமான வைஃபை பாஸ் ஒரு கார்ட்டூனுக்கே காணாது. வீட்டு இணையத்தில் இரவு டேட்டா இருந்தால் நள்ளிரவுக்குப் பிறகு இறக்குங்கள். 480பி தரமே டேப் திரைக்குப் போதும். புதுசு தேட வேண்டாம். சின்னப் பிள்ளை பார்த்ததையேதான் திரும்பத் திரும்பக் கேட்கும். இறக்கிய பிறகு ஃபிளைட் மோட் போட்டு, வைஃபையையும் அணைத்து, ஒவ்வொன்றையும் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். "மீண்டும் உள்நுழையவும்" என்று ஏதாவது ஒரு செயலி கேட்பது அப்போதுதான் தெரியவரும்.

மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் என்றால் இன்னும் கூட. வழியில் வெலிக்கந்தை தாண்டுவதற்குள்ளேயே டேப்பைக் கொடுத்துவிட்டால் சார்ஜும் முடியும், படமும் சலிக்கும். நெட்ஃபிளிக்ஸில் சில படங்கள் பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வான் வண்டிக்கு உங்கள் போன், விமானத்துக்கு டேப் என்று பிரித்துவிடுவது நல்லது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி. பயண நாளில் அதை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த மணித்தியாலத்தை வான் வண்டியிலேயே செலவழிப்பானேன்?

இனி வைஃபை. ஏறியதும் ஃபிளைட் மோட், அதற்குப் பிறகு வைஃபையை மட்டும் திரும்பப் போடுங்கள். ஃபிளைட் மோட் போடாவிட்டால் சில விமானங்களில் ஏரோமொபைல் போன்ற, விமானத்துக்குள்ளேயே இயங்கும் போன் வலையமைப்பை சிம் பிடித்துக்கொள்ளும். ரோமிங் பில் கண்ணைக் கட்டும். பழைய அமைப்புகளில் சுமார் 10,000 அடி தாண்டிய பிறகுதான் இணைப்பு வரும்.

இணைத்தும் நுழைவுப் பக்கம் திறக்கவில்லையா? பெரும்பாலும் போனில் போட்டிருக்கும் வி.பி.என். செயலி அல்லது செட்டிங்ஸில் உள்ள பிரைவேட் டி.என்.எஸ். தடுத்திருக்கும். அவற்றை அணைத்துவிட்டு, பிரவுசரில் 'நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம்' (neverssl.com) முகவரியை ஆங்கிலத்தில் தட்டினால் பக்கம் தானாக வரும். பாஸ் வாங்கிய பிறகு அந்த வைஃபையை 'ஃபொர்கெட்' கொடுக்காதீர்கள். போன் வேறொரு மெக் முகவரியோடு (வைஃபை போனை அடையாளம் காணும் எண்) போய் நின்றால், வாங்கிய பாஸ் உங்களுடையது என்று அமைப்புக்குத் தெரியாமல் போகலாம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பணம் கட்டுவது. வங்கி கேட்கும் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸில் வரும், ஃபிளைட் மோடில் எஸ்.எம்.எஸ். வராது. முன்கூட்டி வாங்க வழி இருந்தால் வீட்டிலிருந்தே வாங்குங்கள். சில நிறுவனங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு மெசேஜ் அனுப்புவதை இலவசமாகத் தருகின்றன. அந்தப் பதிவையும் மின்னஞ்சல் உறுதிப்படுத்தலையும் தரையிலேயே முடியுங்கள். மணித்தியாலக் கணக்கில் ஓடும் பாஸ் என்றால் பிள்ளை உறங்கிய பிறகு தொடங்குங்கள்.

இணைப்பதற்கு முன் கூகுள் ஃபோட்டோஸ் பேக்கப், வட்ஸ்அப் தானியங்கிப் பதிவிறக்கம், செயலி அப்டேட் மூன்றையும் நிறுத்துங்கள். அன்ட்ரொயிடில் அந்த வைஃபையை 'மீட்டர்ட்' என்றும், ஐபோனில் 'லோ டேட்டா மோட்' என்றும் வையுங்கள். வீடியோ கோல் வேண்டாம், பல நிறுவனங்கள் அனுமதிப்பதும் இல்லை. அம்மம்மாவுக்கு ஒரு குரல் பதிவு போதும்.

20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர், அதாவது விமானங்களில் பொதுவாக உள்ள 100 வாட்-அவர் எல்லைக்குள். கைப்பையில் மட்டும் கொண்டுபோகலாம். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் 1 முதல் விமானத்தில் அதைப் பாவிக்க விடுவதில்லை. இருக்கை யூ.எஸ்.பி. பல இடங்களில் மெதுவாகத்தான் ஏறும்; ஆகவே முழுச் சார்ஜோடு ஏறுங்கள். 85 டெசிபெல் கட்டுப்பாடுள்ள, வயர் வைத்த பிள்ளை ஹெட்போன் எடுங்கள். தொட்டில் பூட்டும் முன்வரிசை கிடைத்தால், ஏறும்போதும் இறங்கும்போதும் பை மேலே போய்விடும். டேப், சூப்பிப் போத்தல், மாரி பிஸ்கட்டை முன்கூட்டியே கையில் எடுத்துவிடுங்கள்.

இறங்கத் தொடங்கினால் காது அடைக்கும். ஹெட்போனைக் கழற்றி, போத்தலைக் கொடுத்து விழுங்க வையுங்கள். தரை தட்டிய பிறகு, ஃபிளைட் மோடை எடுக்குமுன் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.