கைப்பேசி அழைப்பை அரங்க ஒலியமைப்பில் சேர்த்தல்: செய்து பார்த்த குறிப்புகள்

வெளியூரில் இருக்கும் ஒருவரைக் கைப்பேசியில் அழைத்து, அவர் பேச்சை அரங்கம் முழுக்கக் கேட்கச் செய்ய வேண்டும். அரங்கில் எழும் கேள்விகளும் அவர் காதுக்குத் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். முதல் பாதி எளிது. ஒரு கேபிள் போதும். வேலையெல்லாம் இரண்டாவது பாதியில்தான். அவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அரங்கத்தின் குரல்கள் எல்லாம் இருக்க வேண்டும், அவருடைய குரல் மட்டும் இருக்கவே கூடாது. கீழே வரும் ஒவ்வொரு இணைப்பும் அமைப்பும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கேபிள் இல்லாமல்

ஸ்பீக்கரை ஆன் செய்து, கைப்பேசியை மைக்குக்கு 2–3 செ.மீ. அருகே பிடிப்பது ஆபத்துக்கு உதவும் வழி. குரல் தகரத்தில் தட்டுவதுபோல் வரும். ஸ்பீக்கர் நிலையில் கைப்பேசியின் எதிரொலி நீக்கும் அமைப்பு முழு வேகத்தில் இயங்குவதால், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரலை அது வெட்டிவிடும். ஐந்து நிமிட வாழ்த்துரைக்கு இது தாங்கும், கேள்வி–பதிலுக்குத் தாங்காது.

ஜாக்கின் நான்கு தொடர்புகள்

கைப்பேசியின் 3.5 மி.மீ. ஹெட்செட் ஜாக்கில் நான்கு தொடர்புகள் உண்டு. இன்று பரவலாக உள்ள சிடிஐஏ முறையில் நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்ட், அடித்தண்டு மைக். பழைய ஓஎம்டிபி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய கேபிளைப் புதிய கைப்பேசியில் செருகி, ஒலி மெலிந்தும் வெற்றுக்கூடு போலவும் கேட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்று தொடர்புகளே உள்ள சாதாரண ஸ்டீரியோ கேபிளைச் செருகினால் கைப்பேசியின் மைக் தொடர்பு கிரவுண்டோடு சேர்ந்துவிடும். கைப்பேசியும் இதை மைக் இல்லாத ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, தன் உடலிலுள்ள மைக்கையே திறந்து வைக்கும். அரங்கத்துக்குக் குரல் நன்றாக வரும். மறுமுனையில் இருப்பவருக்கோ கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். எந்த மைக் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: அழைப்பில் இருக்கும்போது கைப்பேசியின் அடிப்பகுதியை விரலால் தட்டுங்கள். மறுமுனையில் தட்டும் சத்தம் கேட்டால், நீங்கள் கட்டிய திரும்பு வழி இன்னும் வேலை செய்யவில்லை.

கைப்பேசியிலிருந்து மிக்சருக்கு

இங்கே பலரைக் குழப்பும் ஒரு பிழை உண்டு. 3.5 மி.மீ. ஸ்டீரியோ முனையும் 6.35 மி.மீ. ஸ்டீரியோ முனையும் உள்ள கேபிளை எடுத்து, மிக்சரின் பேலன்ஸ்டு மோனோ உள்ளீட்டில் செருகுகிறார்கள். பேலன்ஸ்டு உள்ளீடு நுனிக்கும் வளையத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே எடுக்கும். அழைப்புக் குரல் இடதிலும் வலதிலும் ஒன்றேதான். எனவே கழித்தால் மிச்சம் ஏதுமில்லை. குரல் மறைந்துபோய், மெல்லிய கரகரப்பு மட்டும் வரும். கைப்பேசி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் இந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

சரியான வழி: இடது, வலது இரண்டிலும் தலா 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு ஒன்றாக்கி, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சாதாரண வெளியீட்டை பேலன்ஸ்டு மைக் உள்ளீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) ஒன்றுக்குக் கொடுப்பது. இரண்டு கம்பிகளையும் ரெசிஸ்டர் இல்லாமல் நேரடியாக முறுக்கக் கூடாது. கைப்பேசியின் இரு ஆம்ப்களும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். பொறுமை இல்லையென்றால் இடதை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும், அழைப்பில் எதுவும் குறையாது. டிஐ பாக்ஸிலிருந்து எக்ஸ்எல்ஆர் கேபிளில் மிக்சரின் மைக் உள்ளீட்டுக்குப் போகலாம். மைக்குகளுக்கு மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை அந்தச் சேனலில் அணைத்து வைப்பது நல்லது.

டிரான்ஸ்ஃபார்மர் ஏன் என்றால், கைப்பேசி சார்ஜரில் இருந்தால் மின் கிரவுண்ட் இரண்டு வழியாகச் சேர்ந்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம் புகும். சார்ஜரின் கீச்சொலியும் கூடவே வரும். நிகழ்ச்சி நேரத்தில் சார்ஜரைக் கழற்றிவிட்டு முழு பேட்டரியில் ஓட்டுவதே சிறந்தது. டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் (கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் இரு நிலையிலும் கேட்டுப் பார்த்து, அமைதியான நிலையில் விடுங்கள்.

மிக்சரிலிருந்து கைப்பேசிக்கு

மிக்சரின் ஆக்ஸ் வெளியீடு (மெயினிலிருந்து தனியாக ஒரு கலவையை அனுப்பும் வழி) மைக்கைவிடப் பல மடங்கு வலுவான லைன் அளவு; +4 டெசிபெல்யூ என்றால் 1.23 வோல்ட். கைப்பேசியின் மைக் தொடர்பு எதிர்பார்ப்பது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட். சுமார் 40 டெசிபெல் குறைக்க வேண்டும். அதோடு மைக் தொடர்பில் கைப்பேசி தானே ஒரு சிறு டிசி மின்னழுத்தத்தைக் கொடுத்துவைத்திருக்கும். அதையும் தடுக்க வேண்டும்.

கட்டிய சுற்று இது. ஆக்ஸ் வெளியீட்டிலிருந்து 1:1 விகித 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். அதன் மறுபக்கத்தில் தொடராக 10 கிலோ ஓம், பிறகு அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். இந்த இரண்டும் சேர்ந்து 1.23 வோல்ட்டை 12 மில்லிவோல்ட்டாக இறக்கும். அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து 4.7 மைக்ரோஃபாரட் துருவமற்ற கெப்பாசிட்டர் வழியாக ஜாக்கின் மைக் தொடர்புக்கு. கடைசியாக, மைக் தொடர்புக்கும் ஜாக் கிரவுண்டுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ஒன்று.

அந்த 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கைப்பேசி மைக் தொடர்பின் டிசி தடையை அளந்துதான் "ஹெட்செட் வந்திருக்கிறது" என்று முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு வரையறையில் மைக் என்றால் 1 கிலோ ஓமும் அதற்கு மேலும். அதற்குக் கீழே உள்ள சில தடைகள் ஹெட்செட்டின் பொத்தான்களுக்கு உரியவை. 70 ஓமுக்குக் கீழே போனால் அழைப்பு எடுக்கும், துண்டிக்கும் பொத்தானை அழுத்தியதாக எண்ணும். கெப்பாசிட்டர் இல்லாமல் 100 ஓமை நேரடியாக இணைத்தால் அதுவும் பொத்தான் அழுத்தமாகவோ மைக் இல்லாததாகவோ தெரியும். செருகியதும் வேறு செயலி திறக்கிறது, அழைப்பு தானாகத் துண்டிக்கப்படுகிறது என்றால் காரணம் இங்கேதான்.

ஜாக்கில் கேட்கும் ஒலிக்கும் மைக்குக்கும் கிரவுண்ட் கம்பி ஒன்றே. அது மெலிந்தும் நீண்டும் இருந்தால் வரும் குரல் மைக் வழியில் கசிந்து, பேசுபவருக்கே எதிரொலியாகத் திரும்பும். நான்கு தொடர்புள்ள கேபிள் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கப்பால் டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டிய பேலன்ஸ்டு கேபிளை 20 மீட்டர் இழுத்தாலும் பாதகமில்லை. இதனால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது: சிக்னல் நன்றாக வரும் சன்னலோரத்தில் கைப்பேசியை வைத்துவிடலாம்.

அவர் குரலைக் கழித்த கலவை

மெயின் வெளியீட்டையோ ரெக்கார்ட் வெளியீட்டையோ அப்படியே திருப்பி அனுப்பினால் அவர் குரல் அவருக்கே தாமதமாகக் கேட்கும். இரண்டு வாக்கியத்தில் நா தடுமாறி நிறுத்திவிடுவார். மனவுறுதி உள்ளவர்களுக்கும் இதே கதிதான். எனவே திரும்பு வழிக்குத் தனி ஆக்ஸ் ஒன்றை ஒதுக்குங்கள். மேடை மைக், கேள்வி கேட்பவர்களின் மைக் ஆகியவற்றின் ஆக்ஸ் குமிழ்களைத் திறந்து, கைப்பேசி சேனலின் ஆக்ஸ் குமிழைச் சுழியில் வையுங்கள்.

ஆக்ஸ், சேனலின் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடருக்குப் பின்னால் ஒலியை எடுப்பதாக இருந்தால் நல்லது. மைக்கை இறக்கும்போது மறுமுனைக்கும் அது நின்றுவிடும். சிறிய மிக்சர்களில் மானிட்டருக்கான ஆக்ஸ் பெரும்பாலும் ஃபேடருக்கு முன்னால் எடுக்கும். எஃபெக்ட் ஆக்ஸ் பின்னால் எடுக்கும். ஆகவே எஃபெக்ட் ஆக்ஸையே இதற்குத் திருப்பலாம், உள்ளிருக்கும் எஃபெக்டை அணைத்துவிட்டு. அணைக்காவிட்டால் மேடைக் குரல்கள் ரிவெர்ப் பூசிக்கொண்டு அரங்கில் கேட்கும்.

மின்வழியை எவ்வளவு சுத்தமாகக் கட்டினாலும் காற்று வழி ஒன்று மிஞ்சும். அவர் குரல் அரங்க ஸ்பீக்கரில் வந்து, திறந்திருக்கும் மைக்கில் நுழைந்து, மீண்டும் அவருக்கே போகும். கைப்பேசி இணைப்பின் தாமதம் ஒரு வழிக்கே 100 மில்லிநொடியைத் தாண்டுவது சாதாரணம். ஸ்பீக்கரிலிருந்து மைக் வரை ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு 29 மில்லிநொடி கூடும். இதைக் குறைக்க முதல் மருந்து மைக்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் ஒலி மைக்கில் நுழைந்து சுழல்வதால் எழும் ஊளைக்கு முன்னுள்ள இடைவெளி 3 டெசிபெல் சுருங்கும். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு மைக் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது மருந்து டக்கர். அழைப்புச் சேனலில் குரல் வரும்போதெல்லாம் ஆக்ஸ் வெளியீட்டை அது தானே இறக்கும். டிஜிட்டல் மிக்சரில் 12 டெசிபெல் இறக்கம், 10 மில்லிநொடிக்குள் அட்டாக் (இறங்கும் நேரம்), 400 மில்லிநொடி ரிலீஸ் (திரும்ப ஏறும் நேரம்) என்று தொடங்கலாம். ரிலீஸ் குறைவாக இருந்தால் சொற்களுக்கிடையே எதிரொலி எட்டிப்பார்க்கும்; அதிகமாக இருந்தால் மேடையிலிருந்து வரும் கேள்வியின் முதல் சொல் விழுங்கப்படும். அனலாக் மிக்சரில் இதை விரல்தான் செய்ய வேண்டும்: அவர் பேசும்போது மேடை மைக்கை 10 டெசிபெல் இறக்கு, முடித்ததும் ஏற்று.

மறுமுனையில் இருப்பவரிடம் முன்பே சொல்ல வேண்டியவை இரண்டு: ஸ்பீக்கர் நிலையில் பேச வேண்டாம், காதில் வைத்தோ இயர்போனிலோ பேசுங்கள், நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் ஒலியை முழுவதும் அணையுங்கள். கைதட்டலும் இசையும் அவருக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்கும், கைப்பேசியின் இரைச்சல் நீக்கி அவற்றை இரைச்சல் என்றே கருதும். அதைச் சரிசெய்ய நேரம் செலவழிக்க வேண்டாம்.

புளூடூத்

புளூடூத் உள்ள மிக்சரில் பாட்டு வருகிறது, அழைப்பு வரவில்லை என்பது அடிக்கடி கேட்கும் புகார். பாட்டு ஏ2டிபி என்ற புளூடூத் முறையில் ஒரு திசையில் மட்டும் போகிறது. அழைப்புக்கு இருதிசையிலும் போகும் எச்எஃப்பி முறை வேண்டும். பல கருவிகளில் முதலாவது மட்டுமே உண்டு. எச்எஃப்பி இருந்தாலும் பழைய வகைக் குரல் குறியீட்டு முறையான சிவிஎஸ்டி 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தோடு நின்றுவிடும்; எம்எஸ்பிசி என்ற புதிய முறை இருந்தால் 16 கிலோஹெர்ட்ஸ். தாமதமும் கூடும். கேபிள் கட்ட முடிகிற இடத்தில் கேபிளே மேல்.

ஒலியைச் சீர்செய்தல்

பழைய குறுகிய அலைவரிசை அழைப்பில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் வரும். ஏஎம்ஆர் அகல அலைவரிசையில் 50 முதல் 7000 வரை. குறுகியதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, கரகரப்பு மட்டும் போகும். காதைக் குத்தினால் 2.5 கிலோஹெர்ட்ஸ் சுற்றி 3 டெசிபெல் குறைக்கலாம். கம்ப்ரசர் 3:1, ஆழம் 4–6 டெசிபெல். இருபுறமும் வோல்டிஇ (4ஜி வழிக் குரல் அழைப்பு) வசதி இருந்தால் குரல் தெளிவு எந்த ஈக்யூவையும்விட அதிகமாகக் கூடும். 2ஜி இணைப்பில் கேட்கும் "டிரிடிடி" இரைச்சல் 217 ஹெர்ட்ஸ் துடிப்பிலிருந்து வருவது. பேலன்ஸ்டு அல்லாத கேபிள்களிலிருந்து கைப்பேசியை ஒரு மீட்டராவது விலக்கி வையுங்கள்.

நிகழ்ச்சிக்கு முன்

கைப்பேசியில் பாட்டின் ஒலியளவு வேறு, அழைப்பின் ஒலியளவு வேறு. பாட்டை ஓட்டிச் சரிசெய்த அளவு அழைப்பில் பயன்படாது. சோதனை அழைப்பில் இருக்கும்போதே முக்கால் பங்குக்கு வைத்து, மீதியை மிக்சரின் கெய்னில் எடுங்கள். #43# போட்டு கால் வெயிட்டிங்கை நீக்குங்கள். அறிவிப்பு ஒலி, தொடுஒலி, அதிர்வு அனைத்தும் அணைந்திருக்கட்டும். தொந்தரவு வேண்டாம் நிலையிலும் அலாரம் அடிக்கும் என்பதால் அதைத் தனியாகப் பாருங்கள்.

எண்ணை அழுத்தும் முன் சேனல் ஃபேடர் கீழே இருக்க வேண்டும். மணியொலியும் நெட்வொர்க் அறிவிப்பும் அரங்குக்குப் போகக் கூடாது. பிஎஃப்எல் (ஃபேடர் கீழே இருந்தாலும் சேனலைக் கேட்கவைக்கும் பொத்தான்) வழியாக ஹெட்போனில் அவரைக் கேட்டு, மிக்சர் இயக்குபவர் பேசும் டாக்பேக் மைக்கை அதே ஆக்ஸுக்கு அனுப்பிப் பேசி, நான் சொல்வது கேட்கிறதா, உங்கள் குரல் உங்களுக்கே திரும்புகிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே ஃபேடரை ஏற்றலாம். முடிக்கும்போது முதலில் ஃபேடர், அப்புறம் துண்டிப்பு.

ஜாக் இல்லாத கைப்பேசிகளுக்கு யூஎஸ்பி–சி மாற்றி வேண்டும். வெறும் கம்பி மட்டும் உள்ள மாற்றி சில கைப்பேசிகளில் வேலை செய்யவே செய்யாது. உள்ளே டிஏசி (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் சிப்) உள்ளதை வாங்குவது பாதுகாப்பு. மாற்றியோடும் அந்த விரல் தட்டும் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் இணையவழி அழைப்பு வேலை செய்ததை வைத்து, சிம் அழைப்பும் அதே வழியில் போகும் என்று எண்ண வேண்டாம். எந்தக் கைப்பேசியை மேடைக்குக் கொண்டுபோகிறீர்களோ அதே கைப்பேசியில், அதே சிம்மில் அழைத்துப் பார்த்தபின் கேபிளை டேப் போட்டு ஒட்டுங்கள்.