பாட்டி வாங்கி வந்த த்ராஷ்

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

நாள் முழுக்கத் தூறல். எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் 58 வயதுக்காரர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கிழக்கு பெர்லினிலேயே பிறந்து வளர்ந்தவர். சாப்பிட்டு முடிந்ததும் அலமாரியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இறக்கினார். உள்ளே முழுக்க கேசட்டுகள், எல்லாம் ஓர்வோ, கிழக்கு ஜெர்மனிச் சரக்கு. காலி கேசட் ஒன்றே 20 மார்க்காம். வீட்டு வாடகை சில பத்து மார்க்கில் முடிந்துபோன நாட்டில்!

அதனால் ஒரே கேசட்டில் அழித்து அழித்துப் பதிந்திருக்கிறார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். லேபிளில் மூன்று பெயர்கள் அடிக்கப்பட்டு, ஓரத்தில் நுணுக்கி 'கிரியேட்டர்' என்று இருந்தது. த்ராஷ் என்னும் வேகமான, இரைச்சலான மெட்டல் இசை வாசிக்கும் மேற்கு ஜெர்மனிக் குழு. பதிவு அழியாமலிருக்க மேலே உடைத்த காதுகளில், மறுபடி பதிவதற்காகக் காகிதத்தை மடித்துத் திணித்து ஒட்டியிருந்தார். இந்த வித்தையை நானும் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

த்ராஷ் எப்படிக் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது என்று கேட்டேன். "பாட்டி" என்றார்.

1964 முதலே ஓய்வூதியக்காரர்கள் மேற்கு ஜெர்மனியில் உறவினரைப் பார்த்துவர அனுமதி இருந்தது. பெண்களுக்கு 60 வயது, ஆண்களுக்கு 65. அவர்கள் திரும்பாவிட்டாலும் அரசுக்கு ஓய்வூதியம் மிச்சம். இளைஞர்களுக்கோ எளிதில் கிடைக்காத பயணம். ஆகவே பேரன் சீட்டு எழுதிக் கொடுக்க, பாட்டி எசென் நகரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். கிரியேட்டரும் அந்த ஊர்தான். 1986-இல் வந்த 'பிளெஷர் டு கில்' ரெக்கார்டைக் கம்பளி நூல் உருண்டைகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். மேலட்டையில் கோரமான உருவங்கள். பின்னல் ஊசியோடு வரும் கிழவியிடம் இது இருக்கும் என்று எந்தச் சுங்கக்காரருக்குத் தோன்றும்?

அந்த ரெக்கார்டை அவர் ஒரே மாதத்தில் விற்றுவிட்டார். ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் வேண்டியிருந்ததாம். பாட்டிக்கு இன்றுவரை, அதாவது சாகும்வரை, தெரியாது.

பிப்ரவரி 24, சனி

இன்று 'அட்டை' கதை. கிழக்கு ஜெர்மனியில் மேடையேற உரிமம் வேண்டியிருந்தது. பேச்சில் அதற்குப் பெயர் 'பாப்பே', அதாவது அட்டை. தேர்வுக் குழு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். அடிப்படை, நடு, மேல், சிறப்பு என்று தரம் பிரிப்பார்கள். தரத்தைப் பொறுத்துத்தான் மணிக்கூலி. போதாததற்கு 1958-இல் வந்த ஒரு விதி: நிகழ்ச்சியில் மேற்கத்திய இசை 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

இவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்கள். கையில் உள்நாட்டுச் சரக்கான மூசிமா கிதாரும், வெர்மோனா ஆம்ப்ளிஃபயரும், ஒலியைக் கரகரப்பாக்க வீட்டில் சால்டர் வைத்துச் செய்த டிஸ்டார்ஷன் பெட்டியும். முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே தேர்வுக் குழுவில் ஒருவர் கை தூக்கினாராம். கொஞ்சம் மெதுவாக வாசிக்க முடியுமா? த்ராஷை மெதுவாக! முடியாது என்றார்கள், அட்டை கிடைக்கவில்லை. அப்புறம் நண்பர்களின் பிறந்தநாள் விழாக்களில் வாசித்தே காலம் ஓட்டினார்கள். பின்னாளில் உளவுத்துறைக் கோப்பைப் பார்த்தபோது 'எதிர்மறை, சீரழிந்த இளைஞர்' என்று இருந்ததாம். அந்தத் துறையின் வாடிக்கையான முத்திரை அது.

ஆனால் எல்லாம் தடை, எல்லாம் அடக்குமுறை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே அரசின் இளைஞர் வானொலியான டிடி64, 'டூயட்' என்ற நிகழ்ச்சியில், ரெக்கார்டருக்காகவே என்று சொல்லி, முழு ஆல்பங்களை ஒலிபரப்பியது. கனமான இசைக்கென்றே தனி நிகழ்ச்சியும் இருந்தது. மேடையில் ஏறக்கூடாது, வீட்டில் பதிந்துகொள்ளலாம். இதில் என்ன கணக்கு என்று அவருக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

வேலை முடிந்து இருவரும் பெர்லினின் சைக்கிள் பந்தய அரங்கமான வெலோட்ரோம் பக்கம் போனோம். வெர்னர் சீலென்பிண்டர் அரங்கம் இருந்த இடம். 1990-இல் இதே மார்ச் 4 அன்று கிரியேட்டர், டாங்கார்ட், கொரோனர், சபாத் நான்கு குழுவும் அங்கே வாசித்தன. பெர்லின் சுவர் திறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கிழக்கு ஜெர்மனியின் முதல் சுதந்திரத் தேர்தலுக்கு இரண்டு வாரம் இருந்தது. இப்போது வெலோட்ரோமின் கூரை மட்டும் தரைமட்டத்தில் தெரிகிறது, சுற்றிலும் இலையில்லாத ஆப்பிள் மரங்கள்.

அன்று பின்வரிசையில் நின்றிருக்கிறார். ரெக்கார்டை விற்ற பிறகு அவரிடம் மிஞ்சியது கேசட் பிரதிதான். நாடா ஒருமுறை சிக்கி, ஒரு பாட்டின் நடுவே நான்கு விநாடி போய்விட்டது. மேடையில் அந்தப் பாட்டு வந்ததும், அந்த இடத்தில் சத்தம் நிற்கும் என்று காத்திருந்தாராம்.

"நிற்கவே இல்லை," என்று கூரையைப் பார்த்தபடி சொன்னார். மழை வலுத்தது. டிராம் பிடிக்க ஓடினோம்.