திறப்பே செய்யாத பூட்டு

போன ஞாயிறு கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு கோட்டைக்குள்ளால் இறங்கி வரும்போது சித்தியின் மகன் ஒரு கேள்வி கேட்டான். கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிறான், இப்போது இரண்டாம் வருடம். "அண்ணா, நினைவகத்தை வாசிக்க மட்டும் என்று மாற்ற எம்ப்ரொடெக்ட் இருக்குத்தானே, பிறகு எதுக்கு எம்சீல் என்று இன்னொரு சிஸ்டம் கால்?" இரண்டும் லினக்ஸில் உள்ளவை; சிஸ்டம் கால் என்றால் நிரல் ஒன்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் ஒரு வேலையைச் செய்து தரச் சொல்லிக் கேட்கிற அழைப்பு. வழியில் மான்கள் படுத்துக் கிடந்தன, நாங்களும் அவசரப்படவில்லை. கோட்டை வாசலைத் தாண்டி பிளேன்டீ குடித்து முடிந்த பிறகும் கதை முடியவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எம்ப்ரொடெக்ட் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நினைவகம் பக்கம் பக்கமாகத்தான் நிர்வகிக்கப்படுகிறது, நாம் பாவிக்கிற பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4096 பைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் வாசிக்கலாமா, எழுதலாமா, அதில் உள்ளதை நிரலாக ஓட்டலாமா என்று மூன்று அனுமதிகள். எம்ப்ரொடெக்ட் அவற்றை மாற்றும். எழுதும் அனுமதியை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் எழுதப் போகிற எந்த வரியும் செயலியை, அதாவது ஓடிக்கொண்டிருக்கிற நிரலை, அங்கேயே சாகடிக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் அதே எம்ப்ரொடெக்டை இன்னொரு முறை கூப்பிட்டால் எடுத்த அனுமதி திரும்ப வந்துவிடும். பூட்டும் திறப்பும் ஒரே கையில். செயலிக்குள் புகுந்துவிட்ட தாக்குபவன் கெர்னலின் கண்ணுக்குச் செயலியேதான், அவன் கேட்கிறானா நிரலாளர் கேட்கிறாரா என்று பிரித்துப் பார்க்க கெர்னலுக்கு வழியே கிடையாது.

இது எனக்கு ஏட்டுப் படிப்பாகத் தெரிந்த விஷயம் இல்லை. முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில் கடைகளில் காசு வாங்குகிற கருவிக்கான மென்பொருளில் விலை விகித அட்டவணையை நான்தான் எழுதினேன். அட்டவணையை ஏற்றியதும் வாசிக்க மட்டும் என்று பூட்டினேன், எப்போதாவது புதுப்பிக்க வேண்டி வரலாம் என்று அதைத் திறக்கவும் ஒரு ஃபங்ஷன் வைத்தேன். இரண்டு வருடத்தில் அந்தத் திறக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிற இடங்கள் பதினொன்று ஆகிவிட்டன. அதில் ஓரிடத்தில், திறந்தபின் ஒரு பிழை வந்தால் பூட்டாமலே வெளியேறும் பாதை இருந்தது. ஒரு நாள் அந்தப் பாதையில் போன நிரல் அட்டவணையைத் திறந்தபடி விட்டுவிட, எங்கேயோ பிழையான நினைவக முகவரியைச் சுட்டிக்கொண்டிருந்த பாயின்டர் ஒன்று அதற்குள் எழுதிவிட்டது. அரை நாள் முழுக்க கடைக்காரர்கள் பிழையான தொகை வாங்கினார்கள், பாவம், அவர்களிடம்தான் சனம் சண்டைக்குப் போனது. யாரும் தாக்கவில்லை, திறப்பு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

சரி, இனி எம்சீல். பெயரைப் பார்த்துவிட்டு பக்கத்தில் உள்ளதை அப்படியே உறைய வைக்கிறது என்று தம்பி நினைத்திருந்தான், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். எழுதக்கூடிய பக்கத்துக்கு முத்திரை வைத்தால் அது கடைசி வரைக்கும் எழுதக்கூடிய பக்கமாகவே இருக்கும்! முத்திரை விழுவது அந்த இடத்தின் ஏற்பாட்டுக்கு: எந்த முகவரி, எவ்வளவு நீளம், என்ன அனுமதி என்பதற்கு. எனவே முதலில் எம்ப்ரொடெக்டால் எழுதும் அனுமதியை எடுக்கவேண்டும், அதன்பிறகுதான் முத்திரை. பரீட்சை வினாத்தாள் பொதியைப் போல என்று சொல்லலாம், தாளை உள்ளே வைத்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும். ஒரு வித்தியாசம், அந்தப் பொதியைப் பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் பிரிப்பார்கள், இதைச் செயலி முடியும் வரை யாராலும் பிரிக்க முடியாது.

எம்ப்ரொடெக்டை மட்டும் தடுத்தால் போதாதா என்றால் போதாது. பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு அதே முகவரியில் தனக்கு வேண்டிய அனுமதியோடு புதுப் பக்கம் போடலாம். கழற்றாமலே, புதுப் பக்கம் போட்டுத் தருகிற எம்மேப்பிடம் இதே முகவரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பழையதன் மேலேயே புதியது வந்து உட்காரும். எம்ரீமேப்பால் வேறெங்கோ இருக்கிற பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கலாம். இந்த மூன்றும் கொஞ்சம் யோசித்தால் எவருக்கும் பிடிபடும். நான்காவது ஒன்று இருக்கிறது, அதை முதல்முறை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. மேட்வைஸ் என்ற அழைப்பால் இந்தப் பக்கம் எனக்கு இனித் தேவையில்லை என்று கெர்னலுக்குச் சொல்லலாம், அப்படிச் சொன்னால் கோப்பு எதையும் சாராத பக்கத்தில் இருந்ததெல்லாம் போய்விடும், அடுத்த முறை வாசிக்கும்போது வெறும் பூச்சியமாக வரும். இதற்கு எழுதும் அனுமதி தேவையே இல்லை. அதாவது வாசிக்க மட்டும் என்று பூட்டின பக்கத்தில், எழுதாமலே, பூச்சியத்தை எழுதிவிடலாம். அனுமதி மறுப்பு என்பதற்குப் பூச்சியமும் அனுமதி உண்டு என்பதற்கு ஒன்றும் வைத்திருந்தால் பரவாயில்லை, எத்தனை நிரல்களில் அது மறுபக்கமாக இருக்கிறது! எம்சீல் இந்தக் கதவையும் சாத்துகிறது, எழுத அனுமதி இல்லாத பக்கங்களுக்கு.

லினக்ஸுக்கு இது தாமதமாகத்தான் வந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தில் அதைத் தொடங்கிய தியோ டி ராட் இதே நோக்கத்துக்காகச் செய்த எம்இம்யூட்டபிள் 2023 ஏப்ரலில் வெளியான 7.3 பதிப்பிலேயே இருந்தது. கூகுளின் ஜெஃப் சூ லினக்ஸுக்கான முதல் முன்மொழிவை 2023 ஒக்டோபரில் அனுப்பினார், குரோம் உலாவியைப் பாதுகாக்கும் நோக்கத்தோடு. அந்த முதல் வடிவத்தில் எம்ப்ரொடெக்டுக்கு ஒரு முத்திரை, கழற்றுவதற்கு ஒன்று, நகர்த்துவதற்கு ஒன்று என்று வேண்டியதைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதை ஏற்கவில்லை, தியோவும் அந்த விவாதத்துக்குள் வந்து எதிர்த்தார். எனக்கும் அவர்கள் பக்கம்தான் சரி. அனுமதியை மாற்ற முடியாது ஆனால் கழற்றலாம் என்று ஒரு முத்திரை இருந்தால் அது எதைப் பாதுகாக்கிறது? ஒரு கதவைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்துவைக்கிற வீட்டுக்கு யாரும் பூட்டு வாங்குவதில்லை. பல சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் வந்த லினக்ஸ் 6.10இல் மூன்றே மூன்று உள்ளீடுகளோடு சேர்ந்தது: தொடக்க முகவரி, நீளம், அப்புறம் கொடிகளுக்கான, அதாவது மேலதிகத் தெரிவுகளுக்கான, ஓர் எண். அந்த எண் இப்போதைக்குப் பூச்சியமாகத்தான் இருக்கவேண்டும், வேறு எதைக் கொடுத்தாலும் பிழை. முத்திரையை நீக்க ஓர் அழைப்பு கிடையாது. அதை வைக்காமல் விட்டதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த முடிவு, அந்தப் பதினொரு இடங்களை நினைக்கும்போது இன்னும் பிடிக்கிறது.

இது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு செயலியின் நினைவகமும் ப்ரொக் கோப்பகத்தில் மெம் என்ற கோப்பாகத் தெரியும், அந்த வழியால் எழுதினால் வாசிக்க மட்டும் என்ற பக்கத்திலும் எழுத்து விழலாம். அதை எம்சீல் தடுக்காது, வேறு ஏற்பாட்டால்தான் அடைக்கவேண்டும்.

பின்னேரம் வீட்டுக்கு வந்து செய்து பார்த்தோம். தம்பியின் மடிக்கணினியில் உபுண்டு 24.04, அதோடு வந்த 6.8 கெர்னல், ஆகவே அப்படி ஓர் அழைப்பே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டது. புதிய கெர்னல் உள்ள எனது கணினியில் 462 என்ற அழைப்பு இலக்கத்தை நேராகக் கொடுத்து ஓட்டினோம், முத்திரை விழுந்தது, அடுத்த வரியில் எம்ப்ரொடெக்ட் கேட்டதற்கு அனுமதி இல்லை என்று பதில். தம்பிக்கு அவ்வளவு சந்தோஷம். உடனே, நிரலுக்கு நினைவகம் எடுத்துத் தருகிற மேலோக்கால் வாங்கிய பெரிய துண்டுகளையும் முத்திரை வைத்துப் பார்க்கிறேன் என்று ஒரு லூப் எழுதினான். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற ஃப்ரீ பேசாமல் திரும்பி வந்தது, பிழை எதுவும் இல்லை, ஆனால் உள்ளே அந்த இடத்தைக் கழற்றும் அழைப்பு ஒவ்வொரு முறையும் மறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. செயலியின் நினைவகத் துண்டுகளைப் பட்டியலிடுகிற மேப்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தால் திருப்பிக் கொடுத்ததாக நினைத்த துண்டெல்லாம் வரிசையாக நிற்கின்றன, செயலியின் நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது.

"அப்போ இதை எங்கேதான் வைக்கிறது அண்ணா?" என்றான். செயலி முடியும்வரை மாறாத பக்கங்களில் என்றேன். நிரல் பக்கங்கள், மாறிலிகள், நிரலை நினைவகத்தில் ஏற்றுகிற லோடர் ஒருமுறை முகவரிகளை நிரப்பிவிட்டு வாசிக்க மட்டும் என்று ஆக்கிவிடுகிற அட்டவணை, இவைதான். ஓப்பன்பிஎஸ்டியில் இதைக் கெர்னலும் லோடரும் சேர்ந்து தாங்களே செய்துவிடுகின்றன, நிரலாளர் ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. நடுவில் கழற்றப் போகிற நூலகங்களுக்கு மட்டும் வைக்கக்கூடாது, ஏன் என்று அவனிடம் திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் மேப்ஸ் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போகவே போகாது" என்றான்.