ஏப்ரல் 2-க்கா, 15-க்கா?

கோவையில் ஒரு செய்திச் சேனலில் பத்து வருடத்துக்கு மேலாக வீடியோ எடிட்டராக இருக்கிறேன். வெட்டியதில் பெரும்பாலானவை மறந்துபோய்விட்டன. ஒரு மூன்று நிமிடப் பேட்டி மட்டும் மறக்கவில்லை.

சோமனூர்ப் பக்கம் ஒரு திருநம்பி, அதாவது பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்ட ஆண். வயது இருபத்து மூன்று, ஆட்டிசம் உள்ளவர். நிருபர் பதிவைக் கொண்டுவந்ததும் டெஸ்க்கில் கேட்ட முதல் கேள்வி, "இது ஏப்ரல் 2-க்கா, 15-க்கா?" 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் நாள். அந்தத் தம்பியின் பர்ஸில் மாற்றுத்திறனாளி அட்டையும் இருந்தது, திருநர் அட்டையும் இருந்தது. ஆட்டிசத்தை மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்தது மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம். திருநர் அட்டைக்கு நாடு முழுக்க வழிசெய்தது திருநருக்கான 2019 சட்டம். இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்துக்கொண்டு அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். எங்களுக்குத்தான் ஒரு ஆளுக்கு ஒரு தலைப்பு தேவைப்பட்டது. சரி, 15 என்று முடிவானது.

நாற்பது நிமிடப் பதிவு. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கேமராவைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்ப்பார். பிடித்த விஷயத்தைச் சொல்லப்போகும்போது இரண்டு கைகளும் படபடவென்று அடித்துக்கொள்ளும். வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுகிறது. நமக்குக் காதை அடைக்கும் அந்தச் சத்தம் ஒரே சீராக இருப்பதால் அவருக்குத் தொந்தரவே இல்லையாம். நாங்கள் கொண்டுபோன விளக்குதான் தாங்கவில்லை. அணைக்கச் சொல்லி இரண்டு முறை கேட்கிறார், அணைக்கவில்லை. தான் ஆண் என்பது எப்போது தெரிந்தது என்ற கேள்விக்கு, "எட்டு வயசுல" என்றார். பதினோரு நொடி மௌனம். "எனக்குத் தெரிஞ்சிருச்சு. மத்தவங்களுக்குத்தான் தெரியல."

அந்தப் பதினோரு நொடியை வெட்டினேன். கை தெரியாதபடி முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். அடியில் சோகமாக ஒரு வயலின். குரல் வரி டெஸ்க்கிலிருந்து வந்தது: "ஆட்டிசம் நோயால் பாதிக்கப்பட்ட இவர், தன்னை ஆண் என்று நம்புகிறார்."

'நம்புகிறார்' என்ற அந்த ஒரு சொல் என்ன செய்கிறது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. ஆட்டிசம் நோயல்ல, மூளை உலகத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, அவ்வளவுதான். அதை நோய் என்று முதலில் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் 'நம்புகிறார்' என்றால், கேட்பவருக்கு அது பிரமை என்றுதான் படும். 2020-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால், திருநரிடையேயும் பிற பாலின அடையாளம் உள்ளோரிடையேயும் ஆட்டிசம் உள்ளவர்கள் மூன்று முதல் ஆறு மடங்கு அதிகம். இதைப் பின்னாளில் டெஸ்க்கில் சொன்னபோது, "அப்ப அதனாலதான் இப்படி" என்றார் ஒருவர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வமல்ல என்கிறது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சந்தேகிக்க அதில் இடமே இல்லை.

ஒளிபரப்பான மறுநாள் அவருடைய அம்மா கூப்பிட்டார். "நல்லாத்தானுங்க இருந்துச்சு. என்ற பையன் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுங்கறான்." போனை வாங்கிய தம்பி, "அண்ணா, அதுல என் கை எங்கே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

2014 ஆகஸ்ட் 15 அன்று இதே கோவையில், லோட்டஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். நாடே திரும்பிப் பார்த்தது. எனக்கு அதில் இப்போதும் பெரிதாகப் படுவது, அவர் தன் கதையைச் சொல்ல உட்காரவில்லை என்பதுதான். அன்றைய செய்தியை வாசித்தார்.

போன மாதம் தம்பியை மறுபடியும் பதிவு செய்தோம். கேள்விகளை முந்தின நாளே எழுதி அனுப்பிவிட்டோம். விளக்கு இல்லை, ஜன்னல் வெளிச்சம்தான். பேச முடியாத இடத்தில் போனில் தட்டிக் காட்டினார். அதை அப்படியே திரையில் போட்டேன். மௌனங்கள் இருக்கின்றன, பின்னால் தறி ஓடுகிறது, கைகள் முழுசாகத் தெரிகின்றன. பேச்சும் இந்த முறை வேறு: தறிக்காரர்களின் கூலி, நூல் விலை, அவர் செய்யும் கணக்கு வேலை.

அது இன்னும் ஒளிபரப்பாகவில்லை. ஏப்ரலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எந்த நாளும் வேண்டாம், சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.