மலப் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

பெருங்குடல் புற்றுநோய்க்கு மலப் பரிசோதனை என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். "அதையெல்லாம் யார் தொட்டு எடுப்பது?" என்பதுதான் முதல் கேள்வி. தொடவே வேண்டாம். ஃபிட் (FIT) என்கிற இந்த மலப் பரிசோதனையில் சின்னக் குச்சியால் மலத்தின் மேற்பரப்பை லேசாகச் சுரண்டி, திரவம் இருக்கும் குழாய்க்குள் செருகி மூடினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். பேதி மருந்து கிடையாது, பத்தியம் கிடையாது, மயக்க ஊசியும் கிடையாது.

அருவருப்பைவிட எனக்குக் கவலை தருவது, "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று தள்ளிப்போடுவது. தொந்தரவு இல்லாதவர்களுக்காகவே வந்த பரிசோதனை இது! பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய, குடலில் வளரும் சதைமொட்டுகள் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள்.

சிலருக்கு முடிவைப் பார்க்கத்தான் பயம். பாசிட்டிவ், அதாவது ரத்தம் இருக்கிறது என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மூலநோயால்கூட ரத்தம் கசியலாம். ஆனால் அப்புறம் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை, செய்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் பரிசோதனை செய்ததே வீண். நெகட்டிவ் என்றால் அடுத்த வருடம் மறுபடி. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், அல்லது மலத்தில் ரத்தம் தெரிந்தால், ஃபிட்டை நம்பி இருக்காமல் நேராக டாக்டரிடம் போங்கள்.