செபமும் மனுவுமாக: சவுதியில் சிக்கிய தம்பி ஊர் திரும்பிய வழி

வெளிநாட்டுப் படகில் மீன்பிடிக்கப் போய்ச் சிக்கிக்கொண்ட மகனை, கணவனை எப்படி ஊருக்குக் கொண்டுவருவது என்று கேட்டு இப்போது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். என் தம்பி எப்படி மீண்டு வந்தான் என்பதை எழுதிவைத்தால் அவர்களுக்கும், இதே நிலையில் தூரத்தில் இருப்பவர்களுக்கும் பயன்படும். ஆனால் எந்த அலுவலகம், என்னென்ன தாள் என்று மட்டும் எழுதினால் அது பாதிக் கதைதான். ஆண்டவர்தான் அவனை விடுவித்தார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அதே வாயால், நாங்கள் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்வேன்.

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. தம்பி ஆழ்கடல் போய்க்கொண்டிருந்தவன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்துபோன பிறகு அவன் பயப்படவில்லை, அம்மாதான் பயந்தாள். சவுதியில் கரைக்குப் பக்கத்திலேயே மீன்பிடிக்கலாம், மாதாமாதம் பணம் வரும் என்று ஏஜெண்ட் சொன்னதும் அவனை அனுப்பிவைத்தோம். தம்மாம் பக்கத்தில் ஒரு முதலாளியிடம் வேலை. விசாவோடு வந்த ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் என்று இருந்தது. அங்கே போனால் பங்குக் கணக்கு. பிடித்த மீனை விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தில்தான் முதலாளிக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. அந்தக் கணக்கு முதலாளி வாயில்தான் இருந்தது. முதலில் பங்கு குறைந்தது, அப்புறம் நின்றே போனது. இக்காமா என்று சொல்லும் குடியிருப்பு அட்டையையும் அவர் புதுப்பிக்கவில்லை. பாஸ்போர்ட்டைக் கேட்டால் பதில் இல்லை. தவக்காலத்தில் ஒரு நாள் வாட்ஸப்பில் வந்த அவன் குரலில், பின்னால் ஓடும் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே, "அக்கா, இனி என்னால முடியாது. எப்படியாவது ஊருக்கு வரணும்" என்பது மட்டும்தான் தெளிவாகக் கேட்டது.

அன்றைக்கே வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பியது. மாதாவிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுப் பொறுத்திருப்போம், மனு அது இது என்று போனால் முதலாளி கோபப்படுவார் என்றாள் அம்மா. சித்தப்பாவோ, செபமெல்லாம் அப்புறம், யாரிடமாவது பணம் கொடுத்து முடிப்போம் என்றார். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. மன்றாடுவதும் மனு எழுதுவதும் இரண்டு வழி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இதை அம்மாவுக்குப் புரியவைத்தது நான் இல்லை, ஜூன் 29 அன்று நடந்த பேதுரு, பவுல் பெருவிழாத் திருப்பலி. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் ஊரில் இருந்தார்கள், கோவில் நிறைந்திருந்தது. அன்றைய முதல் வாசகம் விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 12ஆம் அதிகாரம். சிறையில் இரண்டு சங்கிலிகளால் கட்டப்பட்டு, இரண்டு படைவீரர்களுக்கு நடுவே பேதுரு தூங்குகிறார். வெளியே திருச்சபை அவருக்காக உருக்கமாக மன்றாடுகிறது. வானதூதர் வந்து தட்டி எழுப்பியதும் சங்கிலி தானாக விழுகிறது. ஆனால் இடைக்கச்சையைக் கட்டு, மிதியடியைப் போடு, மேலாடையைப் போர்த்திக்கொண்டு என் பின்னால் வா என்று பேதுருவிடம்தான் சொல்கிறார். சங்கிலியை அவிழ்க்க முடிந்தவருக்கு மிதியடியை மாட்டிவிட முடியாதா? அது பேதுருவின் வேலை. பிறகு காவலைக் கடந்து, தானாகத் திறந்த இரும்புக் கதவு வழியே அவர் சொந்தக் காலில் நடந்து போகிறார். பேதுருவும் வலை இழுத்தவர்தானே. கோவிலை விட்டு வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மக்களே, நாளைக்கே எழுது" என்றாள்.

முதலில் தாள்களைச் சேர்த்தோம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், ஒப்பந்தம், இக்காமா அட்டையின் இரண்டு பக்கமும் எடுத்த படம், ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கடைசியாகப் பணம் வந்த தேதி தெரியும் பாஸ்புக், முதலாளியின் பெயர், போன் எண். வாட்ஸப் குரல் பதிவுகளை அழிக்காமல் வேறொரு போனிலும் ஏற்றிவைத்தோம். இதில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக உதவியது ஒரு பள்ளிக்கூட நோட்டு. கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் என்ன மீன், எத்தனை கிலோ என்று தம்பி அதில் எழுதிவைத்திருந்தான். ஹமூர், ஷேரி, கனாத் என்று அரபிப் பெயர், பக்கத்திலேயே களவா, விளமீன், நெய்மீன் என்று நம்மூர்ப் பெயர். உப்புத் தண்ணீர் பட்டுச் சில பக்கங்களில் மை கலங்கியிருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பங்குக் கணக்கில் வேலை செய்பவனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அந்த நோட்டுதான் அவன் வேலை செய்ததற்கு அத்தாட்சி.

அப்புறம் 'மதத்' (MADAD) என்ற இணையதளம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களின் புகார்களுக்காக வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கியது. பாஸ்போர்ட் எண்ணும் ஒரு மின்னஞ்சலும் இருந்தால் ஊரிலிருந்தே குடும்பத்தார் பதியலாம். புகார் நேராக அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போகும், நமக்கு ஒரு எண் வரும். அந்த எண்ணை அதன் பிறகு எழுதிய ஒவ்வொரு மனுவின் தலைப்பிலும் போட்டேன். அடுத்து நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவுசெய்து ரசீது தருவார்கள், அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஒரு நகலைச் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நல ஆணையரகத்துக்கும் அனுப்பினோம். தடைக்காலம் என்பதால் மைத்துனர்மார் மாறி மாறி எங்களோடு வந்தார்கள்.

மனு எழுதும்போது ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "முதலாளி அடிக்கிறான், சோறு போடவில்லை என்று சேர்த்து எழுதுங்கள், உடனே வேலை நடக்கும்." தம்பியை யாரும் அடிக்கவில்லை. நடக்காததை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையாகிய ஆண்டவரிடம் விடுதலை கேட்டுவிட்டு, கையால் பொய்யை எழுதிக் கொடுப்பது எப்படி? பின்னால் அங்கே தொழிலாளர் அலுவலகத்தில் விசாரித்தபோது, தம்பி சொன்னதும் மனுவில் இருந்ததும் நோட்டில் இருந்ததும் ஒன்றாகவே இருந்தன. பொய் ஒரு வரி கலந்திருந்தால் உண்மையான பத்து வரியும் அடிபட்டுப் போயிருக்கும்.

மனு கொடுத்த நாட்களில் திரும்பும் வழியில் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போவோம். புனித தேவசகாயத்தின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்தவர், விசுவாசத்துக்காக விலங்கு மாட்டி இழுத்துச் செல்லப்பட்டவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவருக்கு விலங்கு கழன்று வீடு திரும்பும் விடுதலை கிடைக்கவில்லை. அந்தக் கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நிற்கும்போது, தம்பியை அனுப்பித் தாரும் என்று கேட்பதோடு, அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் மனம் உடையாமல் காத்தருளும் என்றும் கேட்பேன். இரண்டாவது மன்றாட்டுக்கு அன்றன்றைக்கே பதில் வந்தது. அவனோடு போனில் பேசுகிற எங்களுக்கு அது தெரிந்தது.

புகார் போனது தெரிந்ததும் முதலாளி அவன் மேல் ஹுரூப் போட்டார். வேலைக்காரன் ஓடிவிட்டான் என்று அரசாங்கக் கணினியில் பதிவது அது. வளைகுடாவில் இருப்பவர்கள் அந்த வார்த்தையைக் கேட்டாலே நடுங்குவார்கள். வெளியே நடமாடினால் பிடிப்பார்கள், வேறு வேலை பார்க்க முடியாது, முறைப்படி ஊர் திரும்பவும் வழி அடைபடும். தூதரகத்துக்கு உதவும் தமிழ்த் தன்னார்வலர் ஒருவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். ஓடிப்போனதாகச் சொன்ன தேதியிலும் அதற்குப் பிறகும் அவன் அதே படகில் கடலுக்குப் போனதை நோட்டையும் கரையில் எடுத்த படங்களையும் வைத்துக் காட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஏஜெண்ட் போன் செய்தார். தம்பி ஒருவனை மட்டும் உடனே அனுப்பி வைப்பார்களாம். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு அரபித் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், கூட இருப்பவர்களின் புகாரில் சாட்சி சொல்லக் கூடாது. அந்தப் படகில் ராமநாதபுரத்து முஸ்லிம் அண்ணன் ஒருவரும் இரண்டு வங்கதேசத்து இளைஞர்களும் இருந்தார்கள். சாட்சிக்குத் தம்பியை விட்டால் அவர்களுக்கு ஆள் இல்லை. தம்பி தன் மனைவியிடம் கேட்டுச் சொல்வதாக ஏஜெண்டிடம் சொல்லியிருந்தான்.

அவள் அப்போது வலைக் கம்பெனியில் வலை பின்னும் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். தாலிக்கொடி தவிர எல்லா நகையும் அடகில். நான் போய்ச் சொன்னபோது விரலில் நைலான் நூல் அறுத்த இடத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அண்ணனுக்கும் பிள்ளைங்க இருக்குல்ல மைனி. எல்லாரும் சேர்ந்தே வரட்டும்" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்ட மறையுரைகளில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை. அவள் தைரியத்தில்தான் தம்பி கையெழுத்துப் போட மறுத்தான். இதைப் படிப்பவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத அரபித் தாளில் எந்த அவசரத்திலும் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

அந்த மாதங்களில் எங்கள் அன்பியம், அதாவது பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த செபக் குழு, எங்களைத் தாங்கியது. சாயங்காலம் தெருவிலுள்ள சிலுவைக் கோவிலான குருசடி முன்னால் செபமாலை சொல்வோம், முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். இன்றைக்கு என்ன பதில் வந்தது, நாளைக்கு யார் நாகர்கோவில் போவது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் யார் பார்ப்பது என்று பேசி முடித்துவிட்டுத்தான் கலைவோம். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து மாதம் தவறாமல் அரிசி வந்தது, யாருக்கும் தெரியாமல் பின்வாசல் வழியாக. பங்குத்தந்தை ஒரே ஒரு காரியத்தைக் கட்டாயமாகச் செய்யச் சொன்னார். முதலாளியின் பெயரையும் மன்றாட்டில் சேர்க்க வேண்டும். அம்மாவுக்கு அந்த இடம் வந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். இருந்தாலும் சொல்வாள். பகைவருக்காக மன்றாடச் சொன்னவர் நாம் மன்னித்து முடிக்கும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சொல்லச் சொல்லத்தான் எங்கள் பேச்சிலிருந்த சாபம் குறைந்தது.

விசாரணை முடிந்து ஹுரூப் நீங்கியது. பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று முதலாளி சொன்னதால் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுத்தது, அங்கே எல்லோரும் அவுட்பாஸ் என்பார்கள். இந்தியாவுக்கு ஒரு தடவை வந்து சேர மட்டும் அது செல்லும். நாட்டை விட்டுப் போக அனுமதியான பைனல் எக்ஸிட் அடித்ததும் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். இப்படி ஆதரவற்று நிற்பவர்களுக்காகத் தூதரகங்களில் இந்திய சமுதாய நல நிதி என்று 2009இலிருந்து ஒன்று இருக்கிறது. வசதி இல்லை என்பதை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். தம்பிக்கும் ராமநாதபுரத்து அண்ணனுக்கும் அதிலிருந்துதான் டிக்கெட் கிடைத்தது. வங்கதேசத்து இளைஞர்கள் தங்கள் நாட்டுத் தூதரகம் வழியாகப் பிறகு போய்ச் சேர்ந்தார்கள், அவர்கள் புகாரில் தம்பியின் சாட்சி பதிவாகியிருந்தது.

கோட்டாறு திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்பே திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வந்து இறங்கினான். அவுட்பாஸில் வருபவர்களைக் குடியேற்ற அதிகாரிகள் தனியாக உட்காரவைத்து விசாரிப்பார்கள். வெளியே காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் பதற வேண்டியதில்லை. அம்மாவுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தேன், அதனால் செபமாலையை உருட்டிக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

பாக்கிச் சம்பளம் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்னால் அதற்காகத் தூதரகத்திடம் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான், வழக்கு நடக்கிறது. எங்கள் செபத்தில் அதுவும் இருக்கிறது. தம்பி இப்போது குளச்சலிலிருந்து தொழிலுக்குப் போகிறான். வெளிநாடு போகும் பையன்களைக் கண்டால், ஏஜெண்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் (eMigrate) இணையதளத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார், பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போ, நோட்டு எழுது என்று அவனே சொல்கிறான்.

போன வாரம் முட்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் ஓமனில் இருக்கிறான். எங்கள் அன்பியக் கூட்டத்திலேயே உட்கார்ந்து செபம் சொன்னார், அப்புறம் பையிலிருந்து தாள்களை எடுத்தார். பாஸ்போர்ட் நகல் இருக்கிறது, விசா இருக்கிறது. முதலாளியின் பெயரும் போன் எண்ணும் இல்லை. மகன் அடுத்த தடவை கூப்பிடும்போது அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். திங்கள்கிழமை அவரோடு நாகர்கோவிலுக்குத் தம்பி மனைவி போகிறாள்.