ஜேர்சிப் பை

தெல்லிப்பழையில் சின்னம்மா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். மகளும் கூட வந்திருக்கிறாள். வந்த மறுநாள், முற்றத்தில் அவள் பந்து தட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுச் சின்னம்மா கேட்டா, "என்ன பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையைப் பந்தடிக்க விட்டே வளத்தனி?" குத்திக் கேட்கவில்லை, அறியிற ஆசையில் கேட்டது. நானும் "ஓம் சின்னம்மா" என்று சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் அந்த ஒரு "ஓம்" சொல்ல எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்தது.

1999இல் கலியாணம் செய்து டென்மார்க் போனேன். யூலன்ட் பக்கம் சின்ன ஊர். இவர் விடிய முதல் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மாரியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. எங்கட சனம் இல்லாமல் இல்லை. எண்பதுகளில் வந்தவர்கள் ஹெர்னிங்கில் பிள்ளையார் கோயில், பிராண்டேயில் அம்மன் கோயில் என்று எல்லாம் உண்டாக்கி வைத்திருந்தார்கள். சனி ஞாயிறு தமிழ்ச் சனத்தோடு போகும். மற்ற ஐந்து நாளும் அந்த நாடு எனக்கு யன்னலுக்கு வெளியேதான் இருந்தது. மொழிப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணினேன். ஆனால் டெனிஷ் எழுத்தில் ஒன்று, வாயில் இன்னொன்று. பாண் கடையில் நான் சொன்னது விளங்காமல் அந்தப் பிள்ளை ஆங்கிலத்துக்கு மாறும்போதெல்லாம் தொண்டை அடைத்துவிடும்.

மகள் 2001இல் பிறந்தவள். எட்டு வயதில் வகுப்புத் தோழியோடு உதைபந்தாட்டம் பழகப் போகப்போகிறேன் என்று வந்து நின்றாள். எனக்கு உடனே வந்த வார்த்தை "வேண்டாம்". எங்கள் ஊரில் அண்ணாமார் கோயில் வெளிவீதியில் பந்தடிப்பார்கள், நாங்கள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து. அதற்கு மேல் ஒரு பெண் பிள்ளைக்கு விளையாட்டு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கால் முறிந்தால்? முழங்காலில் தழும்பு வந்தால்? கடைசியில் அந்தத் தோழியின் தாய் வீடு தேடி வந்து, மெதுமெதுவாகச் சொல் சொல்லாகக் கதைத்து, தானே காரில் ஏற்றி இறக்குவதாகச் சொன்ன பிறகுதான் விட்டேன்.

அப்புறம் அந்தப் பை வந்தது. அங்கே சிறுவர் அணிகளுக்குச் சம்பளத்துக்கு ஆள் இல்லை. பயிற்றுநர் ஒரு பிள்ளையின் அப்பா. ஆட்டம் முடிய ஜேர்சி முழுவதையும் ஒரு பெரிய பையில் போடுவார்கள், பெற்றோர் முறை வைத்துக் கொண்டுபோய்த் தோய்த்து வர வேண்டும். எங்கள் முறை ஒரு நவம்பர் மாதம் வந்தது. குளியலறையில் பையைக் கொட்டினேன். சேறு, புல்லு, ஒரு தலைமயிர் ரப்பர், பிய்ந்த பிளாஸ்டர். அன்றைக்கு வீட்டில் கறி தாளிக்கவில்லை, பிறத்தியார் பிள்ளைகளின் உடுப்பில் மணம் ஏறிவிடக் கூடாது என்று. காய்ந்ததும் நம்பர் வரிசையில் மடித்தேன். எட்டாம் நம்பரில் கைத் தையல் விட்டிருந்தது, அதையும் தைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை திடலில் பையைக் கொடுக்கும்போது ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது: "எட்டாம் நம்பரின் கை கிழிந்திருந்தது, தைத்திருக்கிறேன்." வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். சொன்னேன். எட்டாம் நம்பரின் தாய் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. டெனிஷிலேயே நன்றி சொல்லி, எங்கே தையல் பழகினாய் என்று கேட்டாள். யாழ்ப்பாணம் என்றேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். குளிரில் அரை மணித்தியாலம் நின்று கதைத்தோம். இன்று வரைக்கும் அவள்தான் அந்த ஊரில் எனக்கு நெருங்கிய சிநேகிதி.

நாடியா நதீமைப் பற்றி முதலில் சொன்னதும் அவள்தான். 2009இல்தான் நாடியா டென்மார்க் தேசிய அணிக்கு முதன்முதலாக விளையாடியிருந்தாள். "உங்களைப் போல அகதியாக வந்த பிள்ளை" என்றாள். நான் மணமுடித்துப் போனவள், அகதியாகப் போகவில்லை. ஆனால் 1995 ஒக்டோபரில், சண்டை நெருங்க, ஊர்ச் சனத்தோடு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவள். அந்தச் சொல் எனக்கு அந்நியம் இல்லை.

நாடியா 1988இல் ஆப்கானிஸ்தானில் ஹெராத்தில் பிறந்தவள். தகப்பன் இராணுவத்தில் தளபதி. தலிபான்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். தாய் ஹமிதா ஐந்து பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாகிஸ்தான், இத்தாலி என்று ஓடி, லண்டனுக்குப் போவதாக நம்பி லொறிக்குள் ஒளிந்து வந்தா. இறங்கின இடம் டென்மார்க். முகாமுக்குப் பக்கத்தில் ஒரு உதைபந்தாட்டக் கழகம் இருந்தது. பிள்ளைகள் அங்கே பந்தடிக்கப் பழகினார்கள். ஐந்து பெட்டைகளோடு, மொழி தெரியாத நாட்டில், அந்தத் தாய் "போய் விளையாடுங்கோ" என்று விட்டிருக்கிறா. நான் ஒன்றுக்கே பயந்துகொண்டு நின்றவள்.

2017 கோடை எங்கள் வீட்டில் மறக்க முடியாதது. ஐரோப்பியக் கிண்ணம். தொடர்ந்து ஆறு முறை வென்றிருந்த ஜேர்மனியை டென்மார்க் காலிறுதியில் 2-1 என்று வென்றது. மழையால் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போன ஆட்டம் அது. டென்மார்க்கின் முதல் கோல் நாடியாவின் தலையால் போனது. நெதர்லாந்துக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஆறாவது நிமிடத்தில் பெனால்டி, அதையும் அவள்தான் அடித்தாள். 4-2 என்று தோற்றது டென்மார்க். மகள் அழுதாள், நானும்தான்.

அந்த ஒக்டோபரிலேயே சம்பள ஒப்பந்தப் பிரச்சினையில் அணி விளையாட மறுத்தது. உலகக்கிண்ணத் தகுதிச் சுற்றில் சுவீடனோடு இருந்த ஆட்டம் நடக்கவில்லை, சுவீடனுக்கு 3-0 என்று வெற்றியைக் கொடுத்தார்கள். இறுதிவரை போய்ப் பதக்கத்தோடு வந்த பிள்ளைகளே இப்படி நிற்க வேண்டியிருந்தது. தொழில்முறை ஆட்டக்காரி என்றால் காசு கொட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, பெண்கள் ஆட்டத்தில் அது எவ்வளவு இழுபறி என்று அப்போதுதான் விளங்கியது.

அதே வருஷம்தான் எங்கள் வீட்டுச் சண்டையும். மகளுக்குப் பதினாறு. படிப்பு இறுகுகிறது, பந்தை விடு என்றேன். சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "அம்மா, நாடியா மருத்துவம் படிச்சுக்கொண்டுதான் விளையாடுறா" என்றாள். உண்மைதான். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டே அமெரிக்காவில் போர்ட்லண்ட், பிறகு மான்செஸ்டர் சிட்டி, பாரிஸ் சென் ஜேர்மன் என்று விளையாடினாள். போர்ட்லண்டோடு 2017இலும் பாரிஸோடு 2021இலும் லீக் கிண்ணம். தேசிய அணிக்கு 100க்கு மேல் ஆட்டங்கள். 2022 தொடக்கத்தில் மருத்துவரானாள். டொக்டராக வேண்டும் என்ற கனவை எங்கள் சனத்துக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கனவோடு பந்தும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று காட்ட ஒரு ஹெராத்துப் பிள்ளை வேண்டியிருந்தது எனக்கு.

அதே 2022 நவம்பரில் கட்டார் உலகக்கிண்ணத்துக்கு நாடியா தொலைக்காட்சி வர்ணனைக்குப் போயிருந்தபோது, ஹமிதா உடற்பயிற்சி முடிந்து வரும் வழியில் லொறி மோதி இறந்துபோனா. செய்தி கேட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனுசியை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் திடலோரத்தில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு தாய் போனது போல இருந்தது.

மகள் இப்போது பிசியோதெரபிஸ்ட். தொழில்முறை அணிக்குப் போகவில்லை, அந்த ஆசையும் அவளுக்கு இருந்ததில்லை. வேலை முடிய இப்போதும் கழகத்தில் விளையாடுகிறாள், சின்னப் பெட்டைகளுக்குப் பழக்குகிறாள்.

இங்கே சின்னம்மாவின் பேத்திக்குப் பன்னிரண்டு வயது. இந்தப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் பந்தடிப்பது இப்போது புதினம் இல்லை. மகாஜனாக் கல்லூரிப் பெட்டைகள் அகில இலங்கைப் பாடசாலைக் கிண்ணத்தையே வென்று வந்தவர்கள். சின்னம்மாவுக்கும் இது தெரியும். என்னிடம் கேட்டது, தன் பேத்தியை விடலாமோ என்றுதான். நேற்றுத்தான் எனக்கு அது பிடிபட்டது.

பிள்ளை தமையனின் பழைய சப்பாத்தோடு விளையாடுகிறாள், முன்னுக்குத் துணி அடைத்திருக்கிறாள். நேற்றுப் பின்னேரம் மகள் அவளை விறாந்தையில் நிற்கவைத்து, கொப்பித்தாளில் பென்சிலால் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கீறினாள். வளர்ற வயசு, ஒரு விரலளவு கூட்டிக் கீறச் சொன்னது சின்னம்மா. அந்தத் தாளை மடித்துப் பாஸ்போட்டுக்குள் வைத்திருக்கிறேன்.